கிருத்திகைக் கணக்கு

வயிற்றில் இருப்பது எந்த வாரத்திலிருந்து உயிர், எந்த வாரம் வரைக்கும் அது தாயின் முடிவு, எந்த வாரத்துக்கு அப்புறம் சட்டம் உள்ளே வரவேண்டும் என்று படித்தவர்கள் கூடி உட்கார்ந்து வாதாடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி நாக்கு நுனியில் வந்து நிற்கும். சரி, அந்த வாரத்தை எண்ணியது யார்? இதைக் கேட்காமல் ஆளாளுக்குக் குரலை உயர்த்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. நான் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி திருத்தணியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கழிந்தது. எண்ணுவதுதான் என் வேலை. கூச்சப்படாமல் சொல்கிறேன், மலையைச் சுற்றி இருந்த அத்தனை ஊரிலும் வயிற்றுப் பிள்ளையின் வாரத்தைச் சரியாக எண்ணத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதற்கு முன்னால் நாலு வருடம் அதைத் தப்பாக எண்ணிக்கொண்டிருந்தவளும் நானேதான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைத்தால் நியாயம் இல்லை.

எழுபதுகளின் நடுவில் இருக்கும். கருக்கலைப்புக்குச் சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இருபது வாரம் வரைக்கும், தகுந்த காரணம் இருந்தால், டாக்டர்கள் கையெழுத்துப் போட்டுச் செய்யலாம். அதற்கு மேல் கூடாது. இது சட்டத்தின் கோடு. ஆஸ்பத்திரிக்குள் இன்னொரு கோடு இருந்தது. இருபத்தெட்டு வாரத்துக்கு முன்னால் வெளியே வந்தால் அது கரு கலைந்தது என்று ஒரு நோட்டில் போகும். இருபத்தெட்டுக்கு மேல் என்றால் பிறப்பு, வேறு நோட்டு, தொட்டில், தனிச் சீட்டு எல்லாம் உண்டு. இந்த இரண்டு கோட்டையும் டாக்டரம்மா பார்த்துக்கொள்வார். வாசல் பக்கம் மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிற பெண்களின் வயது, ஊர், எத்தனையாவது பிரசவம், எத்தனை மாதம் என்று சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவது நான்.

டாக்டரம்மா என்னைவிட இரண்டு வயது சின்னவர். மெட்ராஸில் படித்தவர். கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டில் கட்டியிருப்பார். வேலையில் நேர்மை, பேச்சில் கறார். அவர் பயப்படுவது இரண்டு விஷயத்துக்குத்தான். ஒன்று நிற்காத ரத்தப்போக்கு, இன்னொன்று மேலே இருப்பவர்கள் விளக்கம் கேட்டு எழுதும் கடிதம்.

அன்றைக்குக் கிருத்திகை. மாதாமாதம் அந்த நட்சத்திரம் வரும் நாளில் எங்கள் ஊர் தன் வசத்தில் இருக்காது. காவடியும் மொட்டையுமாக ஜனம் மலையடிவாரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நிற்கும். ஆஸ்பத்திரிக்கும் கால் கொப்பளித்தவர்கள், வெயிலில் மயங்கியவர்கள் என்று கூட்டம் சேரும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். மூன்று அடி வைப்பாள், நிற்பாள், மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த மூன்று அடி வைப்பாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்த ஒரு மருத்துவச் சீட்டு. உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது.

பள்ளிப்பட்டில் நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள். மூன்று பிள்ளைகள். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்தில் வால்வு கெட்டுப்போனவள். மூன்றாவது பிரசவத்தின்போது மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் ஆக்ஸிஜனில் கிடந்திருக்கிறாள். இன்னொரு பிரசவம் வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று அந்தச் சீட்டிலேயே எழுதி அனுப்பியிருந்தார்கள். இவளுக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது என்பதால் புருஷன் ஆபரேஷன் செய்துகொள்வதாக ஒப்புக்கொண்டானாம். பொங்கல் போகட்டும், தீபாவளி போகட்டும் என்று அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் நாலாவது தங்கிவிட்டது. அதைக் கலைத்துவிட வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தாள்.

"எத்தனை மாசம்?" என்றேன், தலையை நிமிர்த்தாமல்.

"இன்னியோட அஞ்சு முடிஞ்சுதுங்க நர்சம்மா."

ஐந்து என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். அந்த வட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார், அவள் மார்பில் குழாய் வைத்துக் கேட்டார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கர்ப்பம் தொப்புளை ஒட்டி நின்றது. அந்த இடத்தில் நின்றால் அது பத்தொன்பது வாரமாகவும் இருக்கலாம், இருபத்திரண்டாகவும் இருக்கலாம். இன்றைக்கு மாதிரி படம் எடுத்துப் பார்க்கிற வசதி கிடையாது. கடைசியில் சீட்டில் இருந்த என் ஐந்துதான் தீர்ப்புச் சொன்னது. ஐந்து மாதம் என்றால் நூற்று ஐம்பது நாளுக்கு மேல். இருபத்தோரு வாரம் தாண்டிவிட்டது.

"இருபது வாரத்துக்கு மேல சட்டம் இல்லைம்மா. உயிர் போற அவசரம்னா வேற. ஆனா நீ நடந்து வந்திருக்கே. நடந்து வந்தவளை நான் எப்படி அப்படி எழுதறது? எழுதினாலும் உன் இதயத்துக்கு மெட்ராஸ்லதான் செய்யணும், அங்க வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. ஏழாம் மாசம் வந்து இங்கயே படுத்துக்கோ, எங்களால முடிஞ்சதைப் பார்க்கறோம்" என்றார். குரல் தணிந்துதான் இருந்தது.

அவள் அழவில்லை. "மூணு புள்ளைங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

எனக்குக் கோபம். சட்டத்தின் மேல், அந்தப் புருஷன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக இவ்வளவு தாமதமாக வந்த அவள் மேல். என் மேஜையைக் கடக்கும்போது வாய் சும்மா இருக்காமல், "ஏம்மா, ஒரு பத்து நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று சிடுசிடுத்தேன்.

"போன கிருத்திகைக்கே வர்றதுக்குத்தாங்க இருந்தேன். தறியில பாவு ஏத்திகினு இருந்தாங்க, என்னை வர உடல. அப்ப நாலு மாசம்தான் ஆயிருந்திச்சி" என்று சொல்லிவிட்டு, மூன்று அடி வைத்து நின்று, மூன்று அடி வைத்து நின்று, வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

அடுத்தவளுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தேன். பாதிப் பெயரில் பேனா நின்றுவிட்டது. போன கிருத்திகைக்கு நாலு மாதம். இந்தக் கிருத்திகைக்கு ஐந்து. ஒரு கிருத்திகைக்கும் அடுத்த கிருத்திகைக்கும் நடுவில் முப்பது நாள் எங்கே இருக்கிறது? இருபத்தேழுதானே? எப்போதாவது இருபத்தெட்டு வரும், அவ்வளவுதான்.

நான் மணவூரில் பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் ஆடி, ஆவணி என்று தமிழ் மாதத்தில் எண்ணுவார்கள். மலையடிவாரத்துப் பெண்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பது நாலு வருடமாக என் மண்டையில் ஏறவில்லை. இங்கே வீட்டுக்கு வீடு கிருத்திகை விரதம். வீட்டுக்குத் தூரமாக, அதாவது மாதவிலக்காக இருந்தால் விரதம் பிடிக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது. அதனால் எந்தக் கிருத்திகைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு மலைக்குப் போனோம், எந்தக் கிருத்திகைக்குப் போக முடியவில்லை என்பது ஒவ்வொருத்திக்கும் மறக்காது. தேதி கேட்டால் முழிப்பார்கள். கிருத்திகை கேட்டால் உடனே சொல்வார்கள். நான் ஒரு நாளும் கிருத்திகை கேட்டதில்லை.

எழுந்து ஓடினேன். சீட்டுக்காக நின்ற கூட்டம் என் பின்னால் சத்தம் போட்டது. வெள்ளைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காவடிக்காரர்களை இடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பள்ளிப்பட்டு பஸ் புறப்படுகிற நேரம். ஜன்னல் ஓரம் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புது மொட்டையும் சந்தனமுமாக அவள் மாமியார், மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்தில் மலைக்குப் போய்விட்டு வந்தவள்.

"எறங்கு, எறங்கு!" என்று கத்தினேன்.

"இன்னா சிஸ்டர், ஊசி போட்டுக்காத தப்பிச்சிகினு வந்துட்டாங்களா?" என்றான் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அவளையும் மாமியாரையும் இறக்கிக்கொண்டுதான் நான் மூச்சு விட்டேன்.

ஸ்டாண்டில் ஒரு பெட்டிக்கடை. அங்கே தொங்கிய காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அதில் கிருத்திகை எல்லாம் குறித்திருக்கும். "எந்தக் கிருத்திகைக்குத் தலைக்கு ஊத்திக்கினே?" என்று கேட்டேன். விரலை வைத்தாள், தயங்கவே இல்லை. அன்றைக்குக் காலையில்தான் நாலாம் நாள் குளியல், அப்படியே மலைக்கு வந்தாளாம். அங்கிருந்து எண்ணினேன். இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தெட்டு, மறுபடி இருபத்தேழு, இருபத்தேழு. நூற்று முப்பத்தாறு. வாரக் கணக்கு தூரமான முதல் நாளிலிருந்து, அதனால் குளித்ததற்கு முந்தைய மூன்று நாளைச் சேர்த்தால் நூற்று முப்பத்தொன்பது. கடைக்காரரிடம் பென்சிலும் காகிதமும் வாங்கி இன்னொரு தடவை போட்டேன். அதே நூற்று முப்பத்தொன்பது. நாளைக்கு நூற்று நாற்பது. நாளையோடு இருபது வாரம் முடிகிறது.

மாமியாருக்கு அப்போதுதான் விஷயம் முழுசாகப் புரிந்தது. "கிருத்திகையும் அதுவுமா வயித்துல இருக்கற உசிர எடுக்கறேன்றீங்களே, அடுக்குமா?" என்றாள்.

"இவ உசிரு?" என்றேன்.

மருமகளின் உதட்டைப் பார்த்தாள். தினமும் வீட்டில் பார்க்கிற நீலம்தான். அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, மலையிலிருந்து கொண்டுவந்த விபூதியை அவள் நெற்றியில் பூசிவிட்டு, "புள்ளைங்கள நான் பாத்துக்கறேன், போய்ட்டு வா" என்றாள்.

மேஜையை விட்டுப் போனதற்கு டாக்டரம்மா என்னைக் கிழித்தெடுத்துவிட்டார். நான் கணக்குப் போட்ட காகிதத்தை நீட்டினேன். அவரும் எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு இப்படி எழுதி அனுப்பினே?"

"தெரியாது டாக்டர்" என்றேன். அதுதான் உண்மை. திருப்பி அனுப்பப்பட்ட பெண்களில் எத்தனை பேருக்கு நாள் பாக்கி இருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. மற்ற எல்லாவற்றுக்கும் பெருமைப்படுகிற எனக்கு இந்த ஒன்று மட்டும் நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது.

அவர் கடிதம் எழுதினார். பத்தொன்பது வாரம் ஆறு நாள் என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நீயும் கூடப் போ. இந்தக் கணக்கை உன்னைத் தவிர யாராலயும் அங்க சொல்ல முடியாது" என்றார். மத்தியான ரயிலில் போனோம். வழியெல்லாம் அவள் என் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

மெட்ராஸில் மறுநாள் காலை பெரிய டாக்டரம்மா வந்தார். சுற்றிலும் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பேர். கடிதத்தைப் படித்துவிட்டு, "யார் கணக்குப் போட்டது?" என்றார்.

"நான்தான்."

"எதை வச்சு?"

"கிருத்திகையை வச்சு."

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரிய டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சொல்லு" என்றார். சொன்னேன். படித்தவர்கள் பத்துப் பேருக்கு நடுவில் நின்று, தூரம், விரதம், மலை, இருபத்தேழு நாள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் வயிற்றை அளந்து பார்த்தார், இதய டாக்டரை வரச் சொன்னார், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கே முடிந்தது. மூன்று வாரம் அங்கே படுத்திருந்துவிட்டு அவள் தன் பிள்ளைகளிடம் திரும்பிப் போனாள். புருஷனைப் பள்ளிப்பட்டுக்கே போய் இழுத்துக்கொண்டு வந்து ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்தேன். அவன் என்னைத் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது.

வருத்தமே இல்லையா என்று யாராவது கேட்டால், இருந்தது. அவளுக்கு என்னைவிட அதிகம். ரயிலில் வரும்போது கை அவளை அறியாமல் வயிற்றின் மேலேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் வருத்தப்படுவதும் தப்பு செய்ததும் ஒன்று இல்லை. அந்த வித்தியாசம் தெரியாதவர்களோடு நான் பேசுவதில்லை.

ஊருக்கு வந்ததும் ஓர் அட்டை எடுத்தேன். இடது பக்கம் அந்த வருடத்துக் கிருத்திகை எல்லாம், வலது பக்கம் எத்தனை நாள், எத்தனை வாரம். என் மேஜைக்கு மேல் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு தையிலும் புதுக் காலண்டர் வந்ததும் புது அட்டை. டாக்டரம்மா அதற்குத் திருத்தணிப் பஞ்சாங்கம் என்று பெயர் வைத்தார், எனக்குக் கணக்குப்பிள்ளை என்று. கேலிதான், ஆனால் வெளியிலிருந்து யார் வந்தாலும் முதலில் அந்தச் சுவரைத்தான் காட்டுவார். கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு நர்ஸ் அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மார்கழிக் காலையில், அதே குடும்பம் ஒரு வாடகைக் காரில் வந்து இறங்கியது. இந்தத் தடவை வீட்டின் சின்ன மருமகள். பத்தொன்பது வயது, தலைப்பிரசவம். கை கால் வீங்கி, வழியிலேயே இரண்டு தடவை வலிப்பு வந்திருந்தது. மாமியாரும் பெரிய மருமகளும் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பெரியவள் என்றால் என் நூற்று முப்பத்தொன்பதாம் நாள் பெண்தான். ஊசி போட்டு வலிப்பை அடக்கினோம். பதினோரு மணிக்குக் குழந்தை பிறந்தது. பெண். ஒன்றே கால் கிலோ. தோலுக்கு அடியில் நரம்பு தெரிந்தது. அழுகை கதவு கிரீச்சிடுகிற அளவுக்குத்தான் கேட்டது.

"எத்தனை வாரம்?" என்றார் டாக்டரம்மா. இருபத்தெட்டுக்குக் கீழே என்றால் எந்த நோட்டு, மேலே என்றால் எந்த நோட்டு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பெற்றவளோ மருந்து மயக்கத்தில் கிடக்கிறாள், அவளைக் கேட்க முடியாது. பெரியவள்தான் சொன்னாள். எந்தக் கிருத்திகைக்கு ஓரகத்தி தலைக்கு ஊற்றிக்கொண்டாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அவள்தான் சின்னவளை மலைக்குக் கூட்டி வந்தாளாம். சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தேன். இருநூற்றுப் பத்து நாள். "முப்பது வாரம் டாக்டர். பிறப்பு" என்றேன். தொட்டில் வந்தது.

இங்கேதான் மூன்றாவது கோடு குறுக்கே வந்தது. சட்டத்திலும் இல்லாதது, டாக்டர் புத்தகத்திலும் இல்லாதது. எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதத்துக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதத்துக் குழந்தை தங்காது என்பார்கள். குழந்தைக்குப் பால் புகட்ட நான் எடுத்த பாலாடையை மாமியார் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"ஏழு கிருத்திகை முடிஞ்சி எட்டு நடக்குது. எட்டாம் மாசத்துது தங்காதும்மா. பால் காட்டாதீங்க. பால் குடிச்சிப் பழகிட்டு அப்பறம் போச்சின்னா பெத்தவ தாங்க மாட்டா. எனக்கும் அப்பிடித்தான் ஒண்ணு போச்சி. மூணு நாள் குடிச்சிட்டுப் போச்சி. இன்னிக்கி வரைக்கும் மார் வலிக்குது எனக்கு."

அவளைத் திட்ட வந்தவள் நான். கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"எட்டு உங்க கிருத்திகையில. இங்க வந்து காலண்டரைப் பாருங்க. ஆறு மாசம் முடிஞ்சு ஏழுதான் நடக்குது. ஏழாம் மாசத்துக் குழந்தை தங்குமா, தங்காதா?"

"ஏழாம் மாசம்னா தங்கும்" என்றாள், இழுத்துக்கொண்டே.

"அப்போ பால் காட்டலாமா?"

"நீங்க எங்க கணக்க மாத்தறீங்க."

பெரியவள் அதுவரை தொட்டில் பக்கம் நின்றிருந்தாள். "அத்தே, இந்த நர்சம்மா கணக்கு தப்பாது. நான் உன் எதுருல நின்னுகினு இருக்கேன் பாரு" என்றாள்.

மாமியார் அவளைப் பார்த்தாள். பாலாடையைத் திருப்பிக் கொடுத்தாள்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "எட்டு மாசக் குழந்தை ஏழு மாசத்தைவிட பலமா இருக்கும்னு உனக்குத் தெரியாதா? நீயே மூடநம்பிக்கைக்கு எண்ணெய் ஊத்தறியே?"

"தெரியும் டாக்டர். முதல்ல அது குடிக்கட்டும். அது வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்போது விஞ்ஞானம் சொல்லிக்கலாம்" என்றேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் பால் மட்டும் போதாது, சூடு வேண்டும். மெட்ராஸுக்கு அனுப்பினால் மார்கழிக் குளிரில் வழியிலேயே குழந்தை விறைத்துவிடும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை, அதுவும் ஒழுகியது. பஞ்சைச் சுற்றி வைத்தோம். ஒரு மணி நேரத்தில் பாதம் சில்லிட்டது. பெற்றவளின் மேல் போடலாம் என்றால் அவளுக்கு மறுபடி வலிப்பு வரும் பயம். பெரியவள் யாரையும் கேட்கவில்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள், ரவிக்கையை அவிழ்த்தாள், குழந்தையை எடுத்துத் தன் வெறும் மார்பின் மேல் போட்டு, புடவையால் இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்கு மேல் நெசவுப் போர்வை ஒன்றை இழுத்துவிட்டுக்கொண்டாள். அரை மணி கழித்துப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அப்படியே உட்கார்ந்தாள், பதினெட்டு நாள். இந்தக் கெட்ட இதயத்தோடு இது சரிப்படுமா என்று டாக்டரம்மா தினமும் வந்து அவள் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். அவள் குளிக்கப் போகும்போது குழந்தையை மாமியாரின் மார்பில் வைத்தோம். முதல் நாள் அந்த அம்மாள் கையை இரண்டு பக்கமும் விறைப்பாக வைத்துக்கொண்டு, தொட்டால் போய்விடும் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் பெரியவள் குளித்துவிட்டு வந்து கேட்டும் குழந்தையைத் தரவில்லை. பெற்றவள் தெளிந்ததும் அவள் பாலைக் கறந்து பாலாடையில் சொட்டுச் சொட்டாக விட்டோம். அப்புறம் அவளும் முறை போட்டுக்கொண்டாள். பத்தொன்பதாம் நாள் எடை ஒன்றரைக் கிலோ. நான் வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஓர் ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போட வந்தார்கள். மலையிலிருந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் வழிய, குழந்தை பெரியவளின் இடுப்பில் இருந்தது. எடை போட்டேன். ஒன்பது கிலோ. வயது கேட்டேன். மாமியார் கிருத்திகையில் சொன்னாள். நான் வழக்கம்போல மாற்றி எழுதிக்கொண்டேன்.

வார்டு ஆயா எங்கள் கூடவே நின்றிருந்தாள். நல்ல மனசுக்காரிதான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பெரியவளிடம், "அன்னிக்கி ஒண்ண அழிச்சதுக்கு இத்த காப்பாத்திப் பரிகாரம் பண்ணிட்ட. இனிமே உனக்குக் கணக்கு சரியாப் போச்சி" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆயாவை என்ன கேட்டிருப்பேனோ தெரியாது. வாயைத் திறப்பதற்குள் பெரியவளே பேசினாள். கோபமே இல்லை. குழந்தை அவள் தாலிச் சரட்டை இழுத்துக்கொண்டிருந்தது, அதை மெல்ல விடுவித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆங், ஊர்ல கூட எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. இன்னா பரிகாரம்? அன்னிக்கி இந்தம்மா பஸ்ஸுல இருந்து என்னை எறக்கலன்னா நான் செத்திருப்பேன். நான் செத்திருந்தா இத்த யாரு மார்ல போட்டுக்கினு இருப்பா?"

மாமியார் கையை நீட்டினாள், குழந்தை அவளிடம் தாவியது. நான் மேஜைக்குப் போய் உட்கார்ந்து அடுத்தவளைக் கூப்பிட்டேன். இளம் பெண், முதல் தடவை வருகிறவள். எந்தக் கிருத்திகைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டாய் என்று கேட்டேன்.